நாத்தனாருக்குச் சீராகப் போன ரைஸ் குக்கர்

ஒரு ஆடிப் பதினெட்டு அன்று என் வலது மணிக்கட்டு முறிந்தது. காவிரியில் தண்ணீர் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காதோலை கருகமணியெல்லாம் ஆற்றில் விட்டுவிட்டுப் படி ஏறும்போது பாசி வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு கூடியிருந்தது, வலு கூடவில்லை. பூக் கட்டலாம், தேங்காய் துருவலாம், விளக்குத் திரி திரிக்கலாம். கொதிக்கிற சோற்றுப் பானையைத் தூக்கிச் சாய்த்துக் கஞ்சி வடிக்க மட்டும் முடியாது.

குத்தாலத்துப் பக்கம் எங்கள் ஊரில் சோறு என்றால் வடித்த சோறுதான். தண்ணீரை அளந்து ஊற்றிச் சமைக்கிற பழக்கமே எங்கள் கைகளுக்குக் கிடையாது. பானை நிறைய ஊற்று, அரிசியைப் போடு, வெந்ததும் தட்டைப் போட்டு மூடிச் சாய்த்து வை. இந்தச் சாய்ப்பது ஒன்று முடியாமல் போனால் பொம்பளை பாதிப் பொம்பளைதான். கொஞ்ச நாள் என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து வடித்துக் கொடுத்தார். அவர் வடித்தால் கஞ்சியோடு பாதிச் சோறும் சாக்கடைக்குப் போகும்.

எனக்கு அன்றாடச் சோற்றைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. புரட்டாசி வருகிறதே என்பதுதான் கவலை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படையல். மாமியார் காலத்திலிருந்து இந்த வீட்டில்தான் நடக்கிறது. அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது சாமிசோறு வைக்கிற வெண்கலப் பானையை எடுத்து வரச் சொல்லி, என் கையில் கொடுத்து, "விட்றாத" என்றார். அந்த ஒரு சொல்தான். எங்களுக்கு ஒரே மகள், அவளும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். மற்ற நாளெல்லாம் இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அந்தச் சனிக்கிழமை மட்டும் கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, மகன் மருமகளோடு வருவார். திருவிடைமருதூரிலிருந்து வீட்டுக்காரரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, வருவார். பங்காளிகள் வருவார்கள். கூடத்திலிருந்து வாசல் வரை வரிசையாக இலை விழும். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் நான் வருஷம் முழுவதையும் ஓட்டுவேன்.

படையலில் ஒரு முறை உண்டு. வந்தவர்களுக்குப் பெரிய பானையில் புழுங்கலரிசிச் சோறு. சாமிக்குத் தனியாகப் பச்சரிசிச் சோறு. அந்தச் சாமிசோற்றில் வடித்த கஞ்சியை உப்புப் போடாமல் எடுத்துவைத்து, விரதம் இருந்தவர்கள் எல்லாரும் தீபாராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு மிடறு குடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் இலையில் கை வைப்பது.

பெரிய பானையைப் பங்காளிகள் யாராவது வடித்துவிடுவார்கள், சாமிசோற்றை மட்டும் வீட்டுப் பெண்தான் வைக்க வேண்டும். வடிக்க முடியாத கையோடு இதை எப்படிச் செய்வது? மகள்தான் போனில் வழி சொன்னாள். "ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கும்மா. வடிக்கவே வேணாம். அதுவா வேகும், அதுவா நின்னுடும்."

எனக்குப் பயமாக இருந்தது. சின்ன மாமாவிடம் கேட்டேன். குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். "மாமா, கஞ்சி கிடைக்காதே, பரவால்லையா?" என்றேன்.

"பொங்கலுக்குக் கஞ்சியாம்மா வடிக்கிறோம்? அதை சாமி சாப்பிடலையா? துளசித் தீர்த்தம் குடு, போதும்" என்றார்.

ஆவணியில் நானும் வீட்டுக்காரரும் கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்குப் போனோம். ஒயர்க் கூடையில் ஒரு உழக்கும், துணியில் முடிந்த அரிசியும் எடுத்துப் போயிருந்தேன். கடையில் நின்ற பெண் கேட்டாள், "வீட்ல எத்தன பேருங்கம்மா?"

"நாங்க ரெண்டு பேரு. சாமி ஒருத்தரு."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப சின்னதே போதும்ங்க."

"பெருசாப் பாரேன். நாலு பேரு வந்தா?" என்றார் வீட்டுக்காரர்.

"நாலு பேரு வந்தா நீங்க பானையை வடிங்க."

அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்று உள்ளே கறுப்புப் பூச்சோடு பளபளவென்று இருந்தது. வேண்டாம் என்றேன். பூச்சு உரிந்து சாமிசோற்றில் வந்தால் என்ன செய்வது? இன்னொன்றில் ஏகப்பட்ட பொத்தான். கஞ்சி, கேக், தயிர் என்று எல்லாம் செய்யுமாம். எனக்குச் சோறு மட்டும் ஆனால் போதும். கடைசியில் உள்பாத்திரம் வெறும் எவர்சில்வராக, ஒரே ஒரு விசையோடு இருந்ததை எடுத்தேன். விசையை அமுக்கினால் வேகும், வெந்ததும் தானாக மேலே எழும்பிச் சூட்டில் வைத்திருக்கும். உள்பாத்திரத்தில் என் உழக்கால் அரிசியைக் கொட்டினேன், முறிந்த கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. மூடியின் குமிழைத் திருகிப் பார்த்தேன். அதுவும் முடிந்தது.

"அரிசியோட குக்கர் வாங்க வந்த மொத ஆளு நீங்கதாம்மா" என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து முதல் முறை வைத்தபோது கை பழக்கம் விடவில்லை. பானைக்கு ஊற்றுவதுபோலக் கழுத்துவரை ஊற்றிவிட்டேன். நுரை பொங்கி மேடையெல்லாம் வழிந்தது, உள்ளே களி. அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அதோடு கொடுத்த குட்டிக் கப் நம் உழக்குக்குச் சரிவராது. அதைத் தூரப் போட்டுவிட்டு, அரிசிக்கும் உழக்கு, தண்ணீருக்கும் அதே உழக்கு என்று வைத்துக்கொண்டேன். பழைய பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு. புது அரிசி என்றால் அதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். கோலம் போட்டுவிட்டு வருகிற நேரம் அரிசி ஊறினால் போதும். உள்பாத்திரத்தின் அடியைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். "டக்" என்று விசை எழும்பியதும் ஆசைப்பட்டு உடனே திறக்கக் கூடாது, கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். அப்போதுதான் சோறு பூவாக இருக்கும். நன்றாக வரத் தொடங்கிய பிறகு அதில் ஒரு சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பெருமாளுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து அது சாமிப் பாத்திரம். தினமும் பெருமாளுக்குக் காட்டுகிற சோற்றைத் தவிர வேறு எதையும் அதில் நான் வைத்ததில்லை.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள். நாத்தனார் அடுப்பங்கரைக்குள் வந்து குக்கரைப் பார்த்தார். வந்ததும் வராததுமாக, "என்னம்மா இது? டிபன் கடை மாதிரி?" என்றார்.

"வடிக்க முடியல அண்ணி. சின்ன மாமாகிட்ட கேட்டுட்டேன்."

"அவருக்கென்ன தெரியும், இலையில விழுந்தா சாப்பிடுவாரு. கஞ்சி இல்லாம விரதமா? நல்லாருக்கு."

நான் அரிசியை அளந்து, தண்ணீரை அளந்து, விசையை அமுக்கிவிட்டு, மாவிளக்கு பிடிக்கக் கூடத்துக்குப் போனேன்.

வெல்லமும் மாவும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருக்கும்போது அடுப்பங்கரையில் சளசளவென்று சத்தம். கூடவே வீட்டில் கரண்டு போனது. மின்விசிறி நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் குக்கரைச் சுற்றிக் குளம். மூடியைத் திறந்தேன். உள்ளே கூழ். போஸ்டர் ஒட்டலாம். அளந்து ஊற்றினேனே, கை பழகிய பிறகு ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே என்று உழக்கை எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் அடுப்பங்கரை வாசற்படியில் நின்று பார்க்கிறார்கள்.

"இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பெருமாளுக்கே புடிக்கல, பாரு. தள்ளு" என்றார் நாத்தனார்.

பரணிலிருந்து வெண்கலப் பானையை எடுத்தார். புதிதாக அரிசி களைந்தார். வடித்தார். கஞ்சியை எடுத்துவைத்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தீபாராதனை ஆனதும் அவரே டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். எல்லாரும் கும்பிட்டு வாங்கிக் குடித்தார்கள். எனக்கும் கொடுத்தார். நானும் குடித்தேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, "பாவம், அவளுக்குக் கை வேற முடியல. அடுத்த வருஷத்துலேருந்து படையலை எங்க வீட்ல வச்சுக்கலாம் சித்தப்பா" என்றார். சின்ன மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரிதான்" என்றார். நாத்தனார் வெண்கலப் பானையை ஒரு கட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பானை போனது கூடத் தாங்கிக்கொள்வேன். பெருமாளுக்கே பிடிக்கவில்லை என்றாரே, அது உள்ளே இறங்கிவிட்டது. என் கையால் வைத்த சோற்றைச் சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றே நம்பினேன். விளக்கேற்றும்போது படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும். என்ன தப்புச் செய்தேன், தீட்டோடு தொட்டேனா, யாரையாவது வயிறெரியப் பேசினேனா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். ஐப்பசி முழுவதும் இப்படியே போயிற்று.

கார்த்திகையில் ஒரு கல்யாணத்தில் நாத்தனாரின் மருமகளைப் பார்த்தேன். அவளுக்கு மாமியாரும் அத்தை, நானும் அத்தை. அதனால் என்னை "ஊரத்தை" என்பாள். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என் காதோடு சொன்னாள். "ஊரத்தை, ஒன்னு சொல்றேன். என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க. என்னால வயித்துல வச்சுக்க முடியல."

"சொல்லு."

"அன்னிக்கு நீங்க மாவிளக்கு புடிக்கப் போனீங்கல்ல. அத்தை மூடியத் தொறந்து பாத்தாங்க. 'இந்தத் தண்ணியில காக்கா கூடக் குளிக்காது, இதுல எப்படி அரிசி வேகும்'னு சொல்லிட்டு ரெண்டு சொம்பு ஊத்துனாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

என் இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருந்தது. போதும் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். தண்ணீர் ஊற்றியது கெட்ட எண்ணத்தில் இல்லாமல் இருக்கலாம். வடித்தே பழகின கை, தண்ணீர் குறைவாகத் தெரிந்தால் ஊற்றத்தான் செய்யும். முதல் நாள் நானே செய்தேனே. ஆனால் கூழானதும் அவருக்குத் தெரியாதா எதனால் ஆனதென்று? ஊர் கூடி நின்றபோது, "அடடா, நான்தான் ஊத்திட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டு இன்னொரு உழக்கு வைத்திருப்பேன். அவர் பெருமாள் மேல் பழியைப் போட்டார். நான் இரண்டு மாதம் சாமியின் முகத்தைப் பார்க்காமல் விளக்கேற்றினேன். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. "அக்கா தெரியாம ஊத்தியிருக்கும், விடு" என்றார். அவர் விடுவார். அவர் அக்கா.

மறுநாள் குளித்துவிட்டுப் பெருமாள் முன் பூக் கட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் மறந்துவிடுவது, சிவப்பு வந்தால் விடுவதில்லை. குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு வந்தது. வெள்ளை வந்திருந்தால் இன்னொரு முறை கட்டிப் பார்த்திருப்பேன். அது பெருமாளுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் முதலிலேயே சிவப்பைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

தை மாதம் நாத்தனார் வீட்டில் மாடி கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார்கள். பிறந்த வீட்டுச் சீர் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வேட்டி சேலை, பழம், பூ, குத்துவிளக்கு, அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள் எல்லாம் தட்டுகளில் வைத்தேன். கடைசித் தட்டில் ஒரு புது ரைஸ் குக்கர். என்னிடம் இருக்கிற அதே அளவு, அதே மாதிரி. மஞ்சள் குங்குமம் வைத்து, மூடிமேல் ஒரு முழம் மல்லிகை சுற்றினேன்.

"இது எதுக்குடி?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க அக்காவுக்கும் வயசாவுதுல்ல. கை வலிக்கும்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டார்.

மேளத்தோடு சீர்த்தட்டுகள் உள்ளே போயின. பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். குக்கர் தட்டு வந்ததும் ஒரு சலசலப்பு. "பொறந்த வீட்டுச் சீரு கரண்டுல வருதுடி!" என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கச் சிரிப்பு. நாத்தனார் முகம் சுண்டிவிட்டது.

"இது எதுக்கு?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொறந்த வீட்லேருந்து வர்றதை எதுக்குன்னு கேக்கலாமா அண்ணி?"

கேட்க முடியாது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பிறந்த வீட்டுச் சீரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அத்தனை பேர் முன்னால் அந்தக் குக்கரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றும்போது மல்லிகைச் சரம் நழுவி அவர் மூக்கில் விழுந்தது. எனக்கு அன்று இரண்டு பந்திச் சாப்பாடு சாப்பிட்டதுபோல் இருந்தது. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, "இதப் பரண்ல போடு" என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்.

வைகாசியில் மருமகள் போன் செய்தாள். "ஊரத்தை, பரண்லேருந்து எறங்கிடுச்சு."

"எது?"

"உங்க சீரு. அத்தைதான் எறக்கச் சொன்னாங்க. கீழ அடுப்பு எரியறப்ப மாடிக்கும் கீழயும் ஏறி எறங்க முடியலையாம். இப்ப தெனமும் அதுலதான் சோறு. வெளி ஆளு யாராச்சும் வந்தா மேல துணியப் போட்டு மூடிடறோம்."

"சோறு நல்லா வருதாமா?"

"பூவா வருதுன்னு எங்க மாமனார்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க."

போனை வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். ஆனால் இது போதாது. துணி போட்டு மூடியிருக்கிறவரை என் பேர் மூடித்தானே கிடக்கும்.

புரட்டாசி வந்தது. முதல்முறையாகப் படையலுக்கு நான் இன்னொருத்தர் வீட்டுக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது எதுவும் திட்டம் போடவில்லை. "நீயே பாத்துக்க" என்று மட்டும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டு போனேன்.

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அடுப்பங்கரையில் வடை ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம், பின்கட்டில் பெரிய பானையில் புழுங்கல் சோறு. நான் கூடத்தில் உட்கார்ந்து துளசி மாலை தொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து, வடை பொரிகிற சத்தத்துக்கு நடுவில், "டக்" என்று கேட்டது. நான் தினமும் கேட்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். என் கை நின்றது. பக்கத்திலிருந்த மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வெண்கலப் பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சாமி முன் வைத்தார். என் மாமியாரின் பானை. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சோறு. பானையின் அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"பாத்தீங்களா சித்தப்பா, உதிரி உதிரியா. வடிச்ச சோத்துக்கு ஈடு உண்டா? மெஷினுக்கு இந்தப் பக்குவம் வருமா?" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் பேசாமலே திரும்பியிருப்பேன்.

தீபாராதனை ஆயிற்று. தட்டில் கஞ்சி டம்ளர்கள் வந்தன. நாத்தனார் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கைக்கும் ஒன்று வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது.

பச்சரிசிக் கஞ்சி பால் மாதிரி வெளுப்பாக, கொழகொழவென்று இருக்கும், ஆறினால் ஆடை கட்டும். புழுங்கல் கஞ்சி லேசான மஞ்சள், தண்ணியாக இருக்கும், நெல் அவித்த வாசனை அதில் போகவே போகாது. நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குக்கரில் வைத்த சாமிசோற்றில் கஞ்சி ஏது? பெரிய பானைக் கஞ்சியை மொண்டு, சாமிக் கஞ்சி என்று, விரதம் இருந்தவர்கள் வாயில் ஊற்றுகிறார் இந்த அம்மாள்.

என் கோபம் அதுவரை என் கோபமாக இருந்தது. அந்த நிமிஷம் அது சாமியின் கோபமும் ஆனது.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அண்ணி, பச்சரிசிக்குப் புழுங்கல் வாசனை எப்படி வந்துச்சு?" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடம் அமைதியாக இருந்தது.

சின்ன மாமா பாதி குடித்திருந்தார். டம்ளரை முகர்ந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அட, ஆமா. இது புழுங்கக் கஞ்சியால்ல இருக்கு!" என்றார். பங்காளி வீட்டு அம்மாள் ஒருத்தி, "நானும் நெனைச்சேன், சொல்லலை" என்றாள். ஆளாளுக்கு டம்ளரை முகரத் தொடங்கினார்கள்.

"ஏதோ மாறிப் போயிருக்கும். அவசரத்துல..." என்றார் நாத்தனார்.

"அப்ப சாமிக் கஞ்சி உள்ள இருக்கும்ல. நான் போய் எடுத்துட்டு வர்றேன், நீங்க உக்காருங்க."

"இரு, இரு, நானே போறேன்." அவர் எழுந்து வருவதற்குள் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். மிக்ஸிக்குப் பின்னால் பழைய துண்டு போர்த்திக் கிடந்தது நான் கொடுத்த சீர். துண்டை எடுத்தேன். தொட்டால் சுட்டது. உள்பாத்திரத்தில் ஓரமெல்லாம் பச்சரிசிச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, வெண்கலப் பானைக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி எழும்பியது.

 நாத்தனார்தான் முதலில் பேசினார். அவர் சாமானியப்பட்டவர் இல்லை. "ஆமா, அதுலதான் வச்சேன். அடுப்பு ஒழியல. இப்ப என்ன குடி முழுகிப் போச்சா?"

"ஒன்னும் முழுகலை அண்ணி. எங்க வீட்ல வச்சப்பதான் முழுகிச்சு."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். நான் கரண்டியால் குக்கரின் ஓரத்துச் சோற்றைத் திரட்டினேன். மருமகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அவள் பேர் என் வாயில் வராது. நாத்தனாரின் கண்ணைப் பார்த்து, "தண்ணி மட்டும் அளவா ஊத்தணும். யாரும் நடுவுல தொறந்து ஊத்தாம இருந்தா நல்லாத்தான் வருது, இல்லைங்களா அண்ணி?" என்றேன்.

 அவர் என்னைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் ஒரு டம்ளரைப் பிடித்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் திரட்டிய சோற்றை எல்லார் இலையிலும் நாலு பருக்கையாக வைத்துக்கொண்டே போனேன். முறிந்த கையாலேயே வைத்தேன். சின்ன மாமா துளசித் தீர்த்தம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அந்தச் சோற்றை வாயில் போட்டு மென்றார். "சாமிக்குக் குக்கர் சோறுதான்னா அது பழைய எடத்துலயே நடக்கட்டும். இங்க எதுக்கு?" என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அக்காவைப் பார்க்காமல் ஆட்டினார்.

திரும்பும்போது வெண்கலப் பானை என் மடியில் இருந்தது. பஸ் ஆடுதுறையைத் தாண்டியது. "இத்தன பேரு முன்னாடி கேட்டிருக்க வேணாம்" என்றார் வீட்டுக்காரர்.

"இத்தன பேரு முன்னாடிதானே போச்சு" என்றேன்.

போன புரட்டாசியில் படையல் மறுபடி எங்கள் வீட்டில் நடந்தது. நாத்தனார் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எல்லாருக்கும் முன்னால், காலைப் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். செருப்பை விட்டுவிட்டு, எப்போதும்போல நேராக அடுப்பங்கரையை நோக்கி நடந்தார். அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

நான் அடுப்பங்கரை வாசற்படியில் நின்றேன். "வாங்க அண்ணி. உக்காருங்க" என்று கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நீங்க விருந்தாளி. வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் அப்படியே நின்றார். இந்த வீட்டில் அவரை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்லை. உட்கார்ந்தார். மடியில் பையை வைத்துக்கொண்டு, காப்பி கொடுத்தால் குடித்துக்கொண்டு, வந்தவர்கள் நலம் விசாரித்தால் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் உள்ளே வந்து, "அக்காவை உள்ள கூப்பிடேன். தேங்காயாச்சும் துருவட்டும்" என்றார்.

"துருவியாச்சு" என்றேன். துருவவில்லை. அவர் கூடத்துக்குப் போன பிறகு துருவினேன்.

சாமிசோறு குக்கரில் வைத்தேன். நன்றாக வந்தது. பெருமாளை நிமிர்ந்து பார்த்துத் தீபாராதனை காட்டினேன். துளசித் தீர்த்தம் கொடுத்தேன். நாத்தனார் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார், போட்டேன்.

கிளம்பும்போது அவர் எப்போதும் சாமி அலமாரியைத் திறந்து, தானே மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொண்டு, மாடத்து வெற்றிலையில் இரண்டைக் கிள்ளிக்கொண்டு போவார். அன்று அலமாரிப் பக்கம் திரும்பியவர் நின்று என்னைப் பார்த்தார். நான் வெளி ஆட்களுக்குக் கொடுக்கிற தட்டை எடுத்து, மஞ்சள், குங்குமம், வெற்றிலைப் பாக்கு, ஒரு வாழைப்பழம் வைத்து நீட்டினேன்.

"எடுத்துக்கங்க அண்ணி."

எடுத்துக்கொண்டார்.